வடிகட்டினால் மட்டும் போதாது: அழியா ரசாயனம் கலந்த தண்ணீரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்களுக்குத் தண்ணீர்க் கவலை புதிதல்ல. இப்போது அதோடு ‘பிஃபாஸ்’ என்ற பெயரும் காதில் விழுகிறது. நான்-ஸ்டிக் பூச்சு, கறை ஒட்டாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை போன்றவற்றுக்காக உருவாக்கப்பட்ட ஃப்ளோரின் ரசாயனங்கள் இவை. கார்பனும் ஃப்ளோரினும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் மண்ணிலும் தண்ணீரிலும் லேசில் சிதையாது. இவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ., மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் அறிவித்தது.

பயம் வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது தண்ணீரைக் கொதிக்க வைப்பது. கிருமிக்கு அது சரி. பிஃபாஸுக்குப் பயன்படாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின், படிகாரம், யு.வி. விளக்கு எதுவும் இதை அசைக்காது.

அடுத்தது டிடிஎஸ் மீட்டர். சர்வீஸுக்கு வருபவர் டம்ளரில் மீட்டரை விட்டு “அம்பதுதான் காட்டுது, நல்ல தண்ணி” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டுகிறது. குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு அமெரிக்கா 2024-இல் வைத்த வரம்போ லிட்டருக்கு 4 நானோகிராம். மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோகிராம். எனவே மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். சோதனை ரிப்போர்ட்டில் ‘ஃப்ளோரைடு அளவுக்குள் இருக்கிறது’ என்றிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு வேறு, இது வேறு. அந்தச் சோதனையில் பிஃபாஸ் தெரியாது.

உண்மையில் பலன் தருபவை மூன்று: கார்பன் ஃபில்டர், அயனிப் பரிமாற்ற ரெசின் (மின்னூட்டம் உள்ள துகள்களைப் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள்), ஆர்.ஓ. மெம்பிரேன். கார்பனை ‘தண்ணி ருசி மாறட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’ என்று விடக் கூடாது. ருசி மாறுவதற்கு வெகு முன்பே, கார்பன் சங்கிலி நீளம் குறைந்த (குறுஞ்சங்கிலி) பிஃபாஸ் வகைகள் கார்பனைத் தாண்டி வெளியே வரத் தொடங்கிவிடும்.

ஆர்.ஓ. பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் தடுத்தது மறைந்துவிடவில்லை, வேஸ்ட் தண்ணீர்க் குழாய் வழியாக வாளிக்கு வருகிறது. நம் வீடுகளில் அந்த வாளியைக் கீரைப் பாத்திக்கும் கருவேப்பிலைச் செடிக்கும் ஊற்றுகிறோம். வேர் இதை உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடும், அதிலும் குறுஞ்சங்கிலி வகைகளை எளிதாக. உங்கள் தண்ணீரில் பிஃபாஸ் இருப்பது உறுதியானால், சாப்பிடும் செடிக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். பெரிய சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீரை ஓடையில் விட்டால், விஷத்தைச் செறிவாக்கி உப்பனாற்றுக்கு அனுப்பியதாகவே ஆகும். தீர்ந்த கார்பனைக் குப்பையோடு கொளுத்துவதும் அப்படித்தான். குப்பைத் தீயின் சூடு போதாமல் அது புகையாகிக் காற்றில் பரவும். இந்த ஒரு விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியம்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. நம் வீட்டுக் குழாயிலிருந்து எடுத்ததை அடுத்த ஊரின் கிணற்றில் போடுவது சுத்திகரிப்பு ஆகாது.

அழிப்பதற்கும் வழிகள் உண்டு. 374 டிகிரி செல்சியஸுக்கு மேல், 220 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேல் தண்ணீரைக் கொண்டுபோய் ஆக்சிஜனோடு வினைபுரிய வைப்பது ஒன்று. வைரப் பூச்சு மின்முனை, பிளாஸ்மா என்று வேறு முறைகளும் வளர்கின்றன. எல்லாமே ஆற்றலை நிறைய விழுங்குபவை. அதனால் முதலில் செறிவாக்கி, அந்தச் சிறு அளவை மட்டும் அழிப்பதுதான் கட்டுப்படியாகும்.

‘பி.எஃப்.ஓ.ஏ. காணாமல் போய்விட்டது’ என்ற ரிப்போர்ட்டோடு நின்றுவிடக் கூடாது. அது உடைந்து குறுஞ்சங்கிலியாக மாறியிருந்தாலும் காணாமல்தான் போயிருக்கும். பி.எஃப்.ஓ.ஏ.வின் எடையில் ஏறத்தாழ 69 சதவீதம் ஃப்ளோரின்; முழுமையாக உடைந்தால் அது ஃப்ளோரைடாகப் பிரியும். 100 மில்லிகிராம் முழுமையாக அழிந்தால் 69 மில்லிகிராம் ஃப்ளோரைடு வெளிவந்திருக்க வேண்டும். அழித்துவிட்டதாகச் சொல்லும் நிறுவனம் எதுவானாலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

சோதனைக்கு மாதிரி எடுக்கும்போதும் கவனம் தேவை. டெஃப்லான் உள்மூடி உள்ள பாட்டில் கூடாது, குழாய் இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பும் கணக்கைக் கெடுத்துவிடலாம். ஆய்வகமே தரும் பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள்.