வந்த பிள்ளையையும் இடம்கொடுத்த வீட்டுப் பிள்ளையையும் சேர்த்தே அளவெடுங்கள்

2007இல் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்கள் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, முகாம்களில் மட்டுமன்றி உறவினர் வீடுகளிலும் தங்கினர். அத்தகைய வீட்டில் ஐந்து பேருக்கு வைத்த உலையில் பத்துப் பேர் உண்ண நேரிடும். இடம்கொடுத்தவரின் பிள்ளையும் மெலியும், ஆனால் நிவாரணப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆகவே பஞ்சகாலத்தில் மந்தபோசணையை (ஊட்டக் குறைவை) தேடிச் செல்லும் தொண்டர், 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளை வந்தவர், இடம்கொடுத்தவர் என இரு பக்கத்திலும் அளக்க வேண்டும்.

பிள்ளையின் இடது கையை மடித்து, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவிடத்தைக் குறித்துக்கொண்டு, பின்பு கையைத் தளரத் தொங்கவிட்டு அவ்விடத்தில் அளவு நாடாவைச் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அளவு 125 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மிதமான மந்தபோசணை. 115க்குக் குறைந்தால் கடுமையானது. அடுத்து, இரு பாதங்களின் மேற்புறத்தையும் பெருவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி நின்றால், கையளவு எதுவாயினும் அது கடுமையான நிலையே. “பிள்ளை கொழுகொழுவென்றுதானே இருக்கிறான்” என்று அம்மம்மா சொல்லும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. வீக்கம் சதையாகத் தோன்றும்.

பாதவீக்கம் உள்ள பிள்ளையையும், காய்ச்சலோ உணவை மறுத்தலோ உள்ள மெலிந்த பிள்ளையையும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வழியில் போர்த்திச் சூடாக வைத்திருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரக்கத்தால் வயிறு நிறையச் சோறூட்டவும் வேண்டாம், நலிந்த உடல் அதைத் தாங்காது. மற்றப் பிள்ளைகளின் அளவுகளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

அவர் வழங்கும் திரிபோஷா என்ற சத்துமா வீட்டுக்குள் எல்லோருக்கும் பங்கிடப்படுவது வழமை. பசித்த வீட்டில் அதைக் குற்றமாகப் பேசுவது பயன் தராது என்பது என் எண்ணம். பொது உலையையே வளப்படுத்தக் காட்டிக்கொடுப்பது மேல். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு சேர்த்துக் குழையக் காய்ச்சி, கழுவி வறுத்து இடித்த நெத்தலித் தூளும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் சேர்த்தால், சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே கஞ்சி போதும். ஒரு வயதுப் பிள்ளைக்கு அதைத் தனிக் கிண்ணத்தில், நாளுக்கு மூன்று நான்கு முறை ஊட்ட வேண்டும்; பெரிய தட்டில் அதன் கை பின்தங்கிவிடும். கிணற்று நீர் கலங்கியுள்ள இடத்தில் பால்மாப் போத்தலைத் தவிருங்கள்.

மறுவாரம் அதே கையை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.