உப்புத்தண்ணீர்த் தொட்டி: எந்த மீன் முதலில், எந்த மீன் கடைசியில்

மரைன் டேங்க் வைக்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கடைசியாக எந்த மீனை விடப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரியும்வரை ஒரு மீன்கூட வாங்க வேண்டாம். கடலில் ஒன்று துரத்தினால் மற்றது அடுத்த பாறைக்கு ஓடிவிடும். நாலடிக் கண்ணாடிக்குள் ஓட இடமில்லை. முதலில் நுழைந்த மீன் தொட்டி முழுவதையும் தன் பட்டா நிலமாக்கிக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் அதற்கு ஆக்கிரமிப்புதான். எனவே சாது முதலில், முரடு கடைசியில்.

நான் சொல்வது சாதாரண நாலடித் தொட்டிக்கு. அகலமும் உயரமும் ஒன்றரை அடி என்றால் சுமார் 250 லிட்டர். பாறையும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறேழு சின்ன மீன்கள் தாராளம். மதுரையில் அதிலும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி சூடு வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில், மேலே மொட்டை மாடி உள்ள ஹாலில் தண்ணீர் 31, 32-ஐத் தொட்டுவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மீனுக்கோ சூட்டில் கூடுதல் ஆக்சிஜன் தேவை. அந்த நேரம் கரண்ட்டும் போனால் நெரிசலான தொட்டிதான் முதலில் விழும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போன அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல. உப்பு தொட்டியிலேயேதான் இருக்கிறது. உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி எண் 1.025-ஐ விட்டு நகரக் கூடாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

இனி எவை வேண்டாம் என்று பார்ப்போம். கடையில் முதலில் கையில் கொடுப்பது டாம்செல். "நாலு டாம்செல் விட்டு டேங்க்கை ஓட்டுங்கண்ணே, அப்புறம் நல்ல மீன் விடலாம்" என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். புதுத் தொட்டியில் சேரும் அம்மோனியா நஞ்சில் ஓர் உயிரை வேக வைப்பது பாவம். அதையும் தாண்டிப் பிழைத்த டாம்செல் பின்னால் வரும் எதையும் நிம்மதியாக இருக்க விடாது. பாறைக்கு நடுவே அதை வலையில் பிடிக்கவும் முடியாது. விரல் நகம் அளவில் வரும் கறுப்பு டாமினோ என்ற டாம்செல் வகை ஐந்து அங்குலத்துக்கு மேல் வளரும். தொட்டியைப் பழக்க, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்க்க, ஒரு துண்டு பச்சை இறாலே போதும்: நாலிலிருந்து ஆறு வாரம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை.

அடுத்தது வாய். லயன் ஃபிஷ், களவா, அஞ்சாலை மூன்றுக்கும் வாய்க்குள் அடங்குவதெல்லாம் இரை. கிளாத்தியும் பேத்தையும் இறால், நண்டைக் கடித்து நொறுக்கும், மற்ற மீன்களின் செதிலையும் துடுப்பையும் கொத்தும். நீல டேங் மீன் கடையில் இரண்டு அங்குலம்தான், வளர்ந்தால் ஓர் அடி; நாலடித் தொட்டியில் அதற்குத் திரும்பக்கூட இடம் போதாது. பட்டர்ஃப்ளை மீன் வகைகளில் பலவும் பவளப் பூச்சிகளைத் தின்றே வாழ்பவை. நாம் போடும் தீனியைத் தொடாமல் மெலிந்து செத்துப்போகும். மாண்டரின் மீனும் அப்படித்தான், அதற்குப் பாறையில் ஊரும் பொடிப்பொடி உயிரிகள் ஓயாமல் வேண்டும்.

கடல்குதிரையையும் மன்னார் வளைகுடாப் பவளத்தையும் யாராவது ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் வீட்டு ஹாலுக்காக அங்கே ஒரு பாறையும் உடையக் கூடாது. காய்ந்த பாறையும் பீங்கான் பாறையும் அந்த வேலையைச் செய்யும்.

சண்டைக்கு இன்னொரு காரணம் சாயல். ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு உள்ள இரண்டை ஒன்றாக விட்டால் மோதும். ஒன்று மணலில், ஒன்று பாறை இடுக்கில், ஒன்று நடுத்தண்ணீரில் என்று இடம் பிரித்துத் தேர்ந்தெடுங்கள்.

என் வரிசை இது. முதலில் ஒரே ஒரு ஃபயர் ஃபிஷ். மிரண்டால் தண்ணீரை விட்டுத் துள்ளிவிடும், மேலே வலைமூடி வேண்டும். இரண்டு விட்டால் ஒன்று மற்றதைத் தீர்த்துவிடும். பிறகு ஒரு பாங்காய் கார்டினல்; ஜோடி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இரண்டு. மூன்றாவது யெல்லோ வாட்ச்மேன் கோபி, கூடவே ஒரு பிஸ்டல் இறால். என்னைக் கேட்டால் தொட்டியிலேயே அழகான காட்சி இதுதான். இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்து குடியிருக்கும் வளையிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சட்டென்று உதறும். அடுத்த நொடி இறால் உள்ளே.

நாலாவதாக ஒரு க்ளவுன் ஜோடி. ஊன்றிவிட்டால் தன் மூலையை விடாது, அதனால் பின்னால் வரட்டும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. எனவே பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள், அதற்குத் தீனி பழகியிருக்கும். ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது, இரண்டும் இளசு. க்ளவுனில் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், பெரியது பெண்ணாக மாறும். சிறியது அதன் முன்னால் ஒருக்களித்து உடம்பை நடுக்கும். வலிப்பு என்று பயப்படாதீர்கள், அது பணிவு. வளர்ந்த இரண்டு பெண்களை ஒன்றாக விட்டால் சாகும்வரை சண்டை. மெரூன் க்ளவுன் மட்டும் வேண்டாம், முரடு. கடலில் க்ளவுன் குடியிருக்கும் பூப்போன்ற உயிரான அனிமோன் இல்லாமலே ஜோடி நன்றாக இருக்கும்.

கடைசியாக, ஆசை இருந்தால், ஒரு கோரல் ப்யூட்டி; குட்டி ஏஞ்சல் மீன் வகை, இந்த வரிசையில் முரடு இதுதான். அதோடு நிறுத்துங்கள்.

கடையில் மீனுக்குத் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்று நின்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டியில் நாலு வாரம். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் காப்பர் மருந்தை அங்கேதான் போட முடியும். பெரிய தொட்டியில் போட்டால் இறால் செத்துவிடும்.

முரட்டு மீனை விடும் நாளில் பாறைகள் இரண்டு மூன்றை இடம் மாற்றி வையுங்கள், பழைய எல்லைகள் குழம்பட்டும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். முதல் நாள் துரத்தல் சகஜம். மூன்றாம் நாளும் ஒரு மீன் துடுப்பு கிழிந்து மேல் மூலையில் ஒண்டி நின்றால் தலையிட வேண்டும். வெளியே எடுக்க வேண்டியது அடித்த மீனை. வலையோடு துரத்திப் பாறையைச் சரிக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துணுக்கு போட்டு வையுங்கள். ஒரு நாள் பட்டினி போட்டால் தானே உள்ளே போகும். தனித் தொட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள்.