‘ஆட்டோ’ என்றால் யாருடைய ‘தான்’?

சென்னையிலிருந்து வந்தவர் ஆட்டோ என்றால் மூன்று சக்கர வண்டியை நினைப்பார். சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைக்கு அது கியர் மாற்றத் தேவையில்லாத கார், ‘கிளாஸ் 3ஏ’ உரிமத்தில் ஓட்டுவது. இரண்டுமே நீண்ட சொற்களின் நறுக்கிய தலைகள். அந்தத் தலைக்கு வேர் ‘ஔட்டோஸ்’ என்ற கிரேக்கச் சொல். பொருள்: தான், தானே.

ஈசூனில் என் வீட்டில் சனிக்கிழமைகளில் உயர்நிலைப் பிள்ளைகள் சிலருக்குத் துணைப்பாடம் நடத்துகிறேன். இந்த முன்னொட்டு வந்தாலே ‘தானாக இயங்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லுக்கு அது சரி. தேக்கா வழியாக 2003 முதல் ஓடும் வடகிழக்கு ரயில் பாதையில் ஓட்டுநர் இல்லை. அந்த ரயிலுக்கு அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எல்லா இடத்திலும் அதையே ஒட்டவைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் வருகிற ‘தான்’ யார்?

‘ஆட்டாப்சி’ என்றால் பிணம் தானாக அழுகுவது என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பிரேதப் பரிசோதனையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சொல்லின் பின்பாதி பார்வையைக் குறிக்கும். முழுச்சொல்லுக்கு ‘தன் கண்ணால் பார்ப்பது’ என்று பொருள். இங்கே ‘தான்’ இறந்தவர் அல்ல, பார்க்கிறவர். தமிழில் கண்கூடு என்கிறோமே, அந்த எண்ணம்தான்.

பெரியவர்களும் தவறுவது ‘ஆட்டோஇம்யூன்’ என்ற சொல்லில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு மதிப்பெண்ணோடு போவதில்லை. எங்கள் புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவருக்கு முடக்குவாதம். மருத்துவர் இது ஆட்டோஇம்யூன் நோய் என்று சொன்னதும், எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று நினைத்து, அதைக் கூட்டுவதற்கென்று விற்கிற மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார். நோய் இருப்பது வேறு இடத்தில். உடலின் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடலை அந்நியமாக நினைத்துத் தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வைத் தாக்கும். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் கணைய உயிரணுக்களை அழிக்கும். அடிக்கிறதும் ‘தான்’, அடி வாங்குகிறதும் ‘தான்’. அதனால் இந்த நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

‘ஆட்டிசம்’ விஷயத்திலும் சொல்லின் வேரை நம்பி ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர் அந்தச் சொல்லை முதலில் வேறொரு மனநோயின் அறிகுறிக்காகத்தான் உருவாக்கினார். 1943இல் லியோ கேனர் சில குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அதை எடுத்துக்கொண்டார். சொல்லுக்குள் ‘தான்’ இருக்கிறது என்பதற்காக, அந்தப் பிள்ளைக்குத் தன்னைத் தவிர யார்மேலும் பாசமில்லை என்று உறவினர்கள் பேசுவது பெரிய அநியாயம்.

இன்னொன்று, ‘ஆட்டோக்ரசி’ என்பதைத் தன்னாட்சி என்று மொழிபெயர்ப்பது. தன்னாட்சி ‘ஆட்டானமி’, அதில் ஒரு மக்கள்கூட்டம் தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. ‘ஆட்டோக்ரசி’யில் ‘தான்’ ஒரே ஆள், ஆளப்படுகிறவர்கள் மற்ற எல்லாரும். அதற்குத் தமிழ் எதேச்சாதிகாரம்.

‘என் சுய ஆட்டோபயோகிராஃபி’ என்பதில் ‘சுய’ வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. உ.வே.சா. எழுதிய ‘என் சரித்திரம்’ ஆட்டோபயோகிராஃபி. அவரைப் பற்றி இன்னொருவர் எழுதினால் வெறும் பயோகிராஃபி.

‘ஆட்டோகிராஃப்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் தன் கையெழுத்து என்று வரும். தமிழில் ஏறக்குறைய அதே அச்சில் ஒரு சொல் உண்டு: தற்குறி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் அடையாளம் அது. என் தாத்தா துறைமுகத்தில் சம்பளம் வாங்கும்போது இட்டது அதைத்தான். பிற்பாடு அது எழுத்தறியாதவரையே குறிக்கும் சொல்லாகி, வசையாகவும் ஆகிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டால் நான் நிறுத்திச் சொல்லிவிடுவேன்.

அப்புறம், ஏ-யூ-டி என்று தொடங்குவதெல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. எழுத்தாளரைக் குறிக்கும் ‘ஆத்தர்’, ‘பெருகச் செய்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘அத்தாரிட்டி’யும் அதோடு சேர்ந்தது. இலையுதிர் காலத்துக்கான ‘ஆட்டம்’ என்பதும் லத்தீன்தான். ஆனால் அசலானது என்று பொருள்படும் ‘ஆத்தென்டிக்’ இந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதன் மூலச்சொல்லுக்குப் பொருள், ஒன்றைத் தன் கையால் தானே செய்பவர்.