தலைக்கு மேலே நாசகாரி: நீர்மூழ்கி விளையாட்டில் தப்பும் வழி

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவு மீன் பாட்டுக் கேட்கப் போனவர்களுக்குத் தெரியும். தோணியை அசையாமல் நிறுத்த வேண்டும், பேச்சை நிறுத்த வேண்டும், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்க வேண்டும். பக்கத்துத் தோணியில் ஒருவர் துடுப்பை வலித்தால் எல்லாம் போச்சு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கியை ஓட்டும் கணினி விளையாட்டான சைலன்ட் ஹன்டர் 3 விளையாடத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

நான் முதல் கிழமை முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தேன். கப்பல் கூட்டத்துக்கு டோர்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டு) விடுவேன், காவல் கப்பல் திரும்பும், பயத்தில் முழு வேகத்தில் ஓடுவேன், பத்து நிமிடத்தில் கதை முடியும். முழு வேகத்தில் சுழலும் நீர்மூழ்கியின் காற்றாடி (ப்ரொப்பெல்லர்), எதிரியின் காதுக்குக் கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி என்பது அப்போது தெரியவில்லை.

முதலில் காலத்தைத் தெரிவு செய்யுங்கள். 1941, வகை 7சி நீர்மூழ்கி. 1942க்குப் பிறகு ஹெட்ஜ்ஹொக் வருகிறது. 24 குண்டுகளை முன்பக்கமாக எறியும் ஆயுதம் அது. எதிரி உங்களைக் கண்காணித்துக்கொண்டே அடிக்கலாம். பழகும்போது அந்தத் தலையிடி வேண்டாம்.

துரத்துவது யார் என்றும் பாருங்கள். நாசகாரி என்ற வேகமான போர்க்கப்பல் 30 நொட்டுக்கு (மணிக்கு 30 கடல்மைல்) மேல் ஓடும். கொர்வெட் என்ற சின்னக் காவல் கப்பல் 16 நொட்தான். நீர்மட்டத்தில் நீங்கள் அதைவிடச் சற்று வேகம். (1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே நாளில் மூழ்கிய ஹொலிஹொக்கும் இந்த வகைக் கொர்வெட்தான். விளையாட்டில் அந்த உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும்.) ஆனால் கொர்வெட் சின்ன வட்டத்தில் சட்டென்று திரும்பும். லேசாக எண்ண வேண்டாம்.

சரி, டோர்பிடோ விட்டாயிற்று. வெடிக்கும் வரை பெரிஸ்கோப்பில் வேடிக்கை பார்க்காமல் உடனே இறங்குங்கள். 150 மீட்டர் நல்ல தொடக்கம். 200ஐத் தாண்டினால் நீர்மூழ்கியின் உடல் முனகும் சத்தம் கேட்கும், 230க்குக் கீழே போகாதீர்கள். இறங்கும் முன் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை 60 மீட்டர்க் கடலில் 150க்கு இறங்கச் சொல்லி, குண்டே விழாமல் தரையில் மோதி முடிந்தேன்.

இறங்கியதும் மௌன ஓட்டம். வேகம் 2 நொட். இந்த நிலையில் ஆட்கள் டோர்பிடோ ஏற்றவும் மாட்டார்கள், பழுது பார்க்கவும் மாட்டார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 7சி 4 நொட் வேகத்தில் 80 கடல்மைல் போகும். முழு வேகத்தில் அதே பற்றரி கொஞ்ச நேரத்தில் காலி. ஆக, வேகம் என்பது சேமிப்புக் காசு. எப்போது செலவழிப்பது என்பதுதான் விளையாட்டே.

அதற்கு, எதிரிக் கப்பல் உங்களைத் தேடும் கருவியான அஸ்டிக்கின் குணம் தெரிய வேண்டும். அது ஒலியை முன்னோக்கி அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. நேர் கீழே அதற்குக் கண் இல்லை. கப்பல் உங்களை நெருங்கி மேலே வரும் கடைசிக் கட்டத்தில் உங்களை இழந்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு ஆழமோ, அந்தக் குருட்டுத் தூரம் அவ்வளவு பெரிது. அத்துடன், தன் குண்டில் தானே சிக்காமல் இருக்க அது வேகமெடுத்தாக வேண்டும். அந்த இரைச்சலில் தன் காதும் அடைத்துவிடும்.

இப்போது கணக்கு. ஆழ்நீர்க் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இறங்கும். 180 மீட்டரில் நீங்கள் இருந்தால் அது வந்து சேர ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் 2 நொட்டில் 60 மீட்டர் நகர்வீர்கள். 7 நொட் என்றால் 200 மீட்டருக்கு மேல். வேகமெடுக்கும் நேரத்தைக் கழித்தாலும் தப்பப் போதும்.

ஆகவே ஹைட்ரோபோனில் (தண்ணீருக்குள் சத்தம் கேட்கும் கருவி) எதிரியின் காற்றாடிச் சத்தம் திடீரென்று வேகமாகித் தலைக்கு மேலே வருகிறதா? அதுவே நேரம். முழு வேகம், சுக்கானை ஒரு பக்கம் முழுக்க வெட்டுங்கள், ஆழத்தையும் 20 மீட்டர் மாற்றுங்கள், ஏனென்றால் குண்டு வெடிக்கும் ஆழத்தை அவன் முன்கூட்டியே குறித்துவிட்டான். குண்டுகள் வெடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும் வரை ஓடுங்கள். கடைசி வெடி கேட்டதும் மறுபடி 2 நொட். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஓட்டத்தை நிறுத்த மனம் வராது. நிறுத்துங்கள்.

மௌனமாகப் போகும்போது பின்பக்கத்தை அவனுக்குக் காட்டுங்கள். பக்கவாட்டில் நின்றால் 67 மீட்டர் நீள இரும்பிலிருந்து எதிரொலி திரும்பும். பின்னாலிருந்து பார்த்தால் ஆறு மீட்டர் அகலம்தான். இரண்டு கப்பல்கள் என்றால் கஷ்டம். ஒன்று நின்று கேட்கும், மற்றது ஓடி அடிக்கும். அப்போது நிற்பவனுக்குத்தான் பின்பக்கம்.

நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியைத் துரத்தல் முடியும் வரை தொடாதீர்கள். ஹெட்போன் போடுங்கள். மின்விசிறியையும் நிறுத்துங்கள், வைகாசி வெயிலில் இது பெரிய தியாகம், ஆனால் தூரத்துக் காற்றாடிச் சத்தமும் விசிறிச் சத்தமும் எனக்கு ஒரே மாதிரிக் கேட்கும். இல்லாத கப்பலுக்குப் பயந்து அரை மணித்தியாலம் பதுங்கியிருக்கிறேன்.

குண்டுச் சத்தம் பின்னால் தூரமாகக் கேட்கத் தொடங்கினால், அவன் பழைய இடத்தைத்தான் தேடுகிறான். அவசரப்படாமல் அதே திசையில் விளையாட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் போங்கள். ஹைட்ரோபோனை முழு வட்டமும் சுற்றிக் கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பெரிஸ்கோப் ஆழத்துக்கு வந்து ஒரு சுற்றுப் பாருங்கள், இரவானால் மேலே வந்து பற்றரி ஏற்றுங்கள். மறுகா விசிறியைப் போடலாம்.