டயர் விளக்கு எரிந்தால்

டேஷ்போர்டில் லாட வடிவத்தில் மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறி: டயரில் காற்று குறைவு. சடன் பிரேக் போடாமல் ஓரங்கட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு டயர் அமுங்கியிருந்தால் அங்கேயே ஸ்டெப்னி மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம்.

எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்க வேண்டும்? ஓட்டுநர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் அங்கேயே ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. ‘35 வைக்கட்டுமா சார்?’ என்று பங்கில் கேட்பது குத்துமதிப்பு. ஸ்டிக்கர் அளவு ஆறிய டயருக்கானது. ஓடிவந்த சூட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதற்காகக் காற்றை இறக்காதீர்கள்.

இரண்டு நாளில் மறுபடி எரிந்தால் பஞ்சர் கடைக்குப் போங்கள், ஆணி ஏறியிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கோளாறு காற்றில் அல்ல, டயர் காற்றை அளக்கும் சென்சார் அமைப்பில்.