கொலுசுப் பட்டறையில் யாரிடம் கேட்பது? உளவியல் ஆய்வுக்கு மாதிரி எடுக்கும் முறை

முதுகலை உளவியல் மாணவர்கள் பலர் ஆய்வுத் தலைப்பு முடிவானதும் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். நூறு பேர் நிரப்பியதும், ‘சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுக்கப்பட்டது’ என்று ஆய்வேட்டில் எழுதுகிறார்கள். மாதிரி என்பது எல்லோரையும் கேட்க முடியாதபோது, அவர்கள் சார்பாகக் கேட்கப்படும் சிலர். கைக்குக் கிடைத்தவர்களைக் கேட்பது சமவாய்ப்பு ஆகாது. நாம் யாரைப் பற்றிப் பேசப் போகிறோமோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். அது எவ்வளவு என்று நம்மால் சொல்லவும் முடிய வேண்டும்.

சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களின் மன அழுத்தத்தை ஆராய்வதாக வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: யாரைப் பற்றிய ஆய்வு?

‘கொலுசுத் தொழிலாளர்’ என்றால் யார்? கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், பாலிஷ் போடுபவர், வீட்டிலிருந்தபடியே கண்ணி கோர்த்துக் கொடுக்கும் பெண்கள், இவர்களுக்கெல்லாம் வேலை கொடுக்கும் பட்டறைக்காரர். எல்லோரும் ஒரே தொழில்தான், ஆனால் ஒரே கவலை இல்லை. வெள்ளி விலை ஏறினால் பட்டறைக்காரர் முதலுக்கு அலைவார். கூலிக்காரர் வேலை குறையுமோ என்று பயப்படுவார். அதனால் எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: ‘சேலம் மாநகராட்சிக்குள், கடந்த ஆறு மாதமாகக் கூலிக்குக் கொலுசு வேலை செய்யும், 18 வயது நிரம்பியவர்கள்.’ இதற்குப் பெயர் முழுமைத்தொகுதி. இந்த வாக்கியம் தெளிவாக அமையும்வரை வினாத்தாளைத் தொடாதீர்கள்.

படி 2: பட்டியல் எங்கே?

பெரும்பாலான ஆய்வுகள் இங்கேதான் சறுக்குகின்றன. உற்பத்தியாளர் சங்கத்தில் கேட்டால் பட்டறைக்காரர்களின் பெயர் கிடைக்கலாம். வீட்டில் கண்ணி கோர்ப்பவர் அதில் இருக்கமாட்டார். அந்தப் பட்டியலிலிருந்து எவ்வளவு ஒழுங்காகக் குலுக்கி எடுத்தாலும் அவருக்கு வாய்ப்பு பூஜ்ஜியம்தான்.

எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தக் குறை தீருமா? தீராது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 24 லட்சம் போல் திரும்பி வந்தன. லேண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி. டெலிபோனும் காரும் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்தே முகவரிகளில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. சீட்டைத் திருப்பி அனுப்ப அக்கறைப்பட்டவர்களும் ஒரு சாராரே. அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

படி 3: பட்டியல் இல்லாவிட்டால் தெருவிலிருந்து தொடங்குங்கள்

செவ்வாப்பேட்டை, சிவதாபுரம் போலக் கொலுசு வேலை நடக்கும் பகுதிகளை விசாரித்து, அங்குள்ள தெருக்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆட்களின் பட்டியல் கிடைக்காது, தெருக்களின் பட்டியல் கிடைக்கும். அதிலிருந்து சில தெருக்களைக் குலுக்கி எடுப்பது கொத்து மாதிரி.

தேர்வான தெருவில் வீடு வீடாக நடந்து, கொலுசு வேலை செய்பவர் உள்ள வீடுகளைக் குறியுங்கள். 60 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம், 12 வேண்டும். 1 முதல் 5 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். 3 வந்தால் 3, 8, 13 என்று ஐந்தைந்தாகக் கூட்டிப் போங்கள். ஒரு வீட்டில் மூன்று பேர் வேலை செய்தால் மறுபடி சீட்டுதான். கதவைத் திறந்தவரையே உட்கார வைத்துக் கேட்டால், பகலில் வீட்டிலிருப்பவர்களின் மனநிலைதான் உங்கள் ஆய்வில் ஏறும். பட்டறைக்குப் போனவர் விடுபட்டுப்போவார். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்காதீர்கள். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பப் போய்ப் பாருங்கள்.

ஆண், பெண் இருவரையும் ஒப்பிட வேண்டுமானால், குறித்த வீடுகளில் கொலுசு வேலை செய்பவர்களை முதலிலேயே இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகக் குலுக்குங்கள். இது அடுக்கு மாதிரி.

படி 4: எத்தனை பேர்?

‘அழுத்தம் அதிகமுள்ளவர்கள் எத்தனை சதவீதம்’ என்பது கேள்வியானால், 95 சதவீத நம்பிக்கையோடு (அதாவது, இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் சுமார் 95 தடவை பலிக்கும்படி), 5 சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்ல 385 பேர் வேண்டும். 100 பேர் என்றால் அந்த முன்பின் 10 ஆகிவிடும். இது ஆட்களின் பட்டியலிலிருந்து நேரடியாகக் குலுக்குவதற்கான கணக்கு. ஒரே தெருக்காரர்கள் பல விதத்தில் ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால், கொத்து மாதிரிக்கு இதை ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக்குவது வழக்கம். இரண்டு குழுக்களை ஒப்பிடுவதற்குக் கணக்கு வேறு. அதை வழிகாட்டியோடு உட்கார்ந்து போடுங்கள்.

படி 5: கேட்கும் இடமும் நேரமும்

மன அழுத்தத்தை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கோஹனும் சகாக்களும் 1983-இல் வெளியிட்ட அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. இதில் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நல்ல விதமாகக் கேட்கப்பட்டவை, அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுக் (0-க்கு 4, 1-க்கு 3 என்று) கூட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஆய்வைத் தொடங்கும் முன் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

பட்டறைக்காரர் பக்கத்தில் இருக்கும்போது கூலிக்காரரிடம் ‘வேலை கையை மீறிப் போவதுபோல் இருக்கிறதா?’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எதற்காகக் கேட்கிறோம், பெயர் வெளியே வராது, விருப்பமில்லையென்றால் பாதியில் எழுந்து போகலாம் என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். வேலை துண்டுக் கணக்கில் என்றால், உங்களோடு செலவிடும் அரைமணி நேரம் அவருக்குக் கூலி இழப்பு. அவருக்கு ஒழியும் நேரத்துக்கு நீங்கள் போங்கள்.

அந்த அளவுகோல் கடந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது கேட்டதை வருடம் முழுக்க உள்ள நிலையாக எழுத முடியாது.

படி 6: எழுதும்போது

எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை வீடு கடைசிவரை பூட்டியிருந்தது என்று மூன்றையும் எழுதுங்கள். கேட்ட மாதமும் வேண்டும்.

நேரமோ பணமோ இல்லாமல் தெரிந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால், ‘வசதி மாதிரி’ என்றே எழுதலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. தூக்கம் குறைந்தவர்களிடம் அழுத்தமும் கூடுதலாகத் தெரிகிறதா என்று அந்தத் தரவில் பார்க்கலாம். ‘சேலத்துக் கொலுசுத் தொழிலாளர்களில் இத்தனை சதவீதம்’ என்ற வாக்கியத்தை மட்டும் அதை வைத்து எழுதாதீர்கள்.