வளர்ந்த நாயைக் கூண்டுக்குப் பழக்கிப் பயணம் கூட்டிப்போவது எப்படி?

செட்டிநாட்டு வீட்டில் வளரும் நாய்க்கு அடைபட்டுப் பழக்கம் இருக்காது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை அது வைத்ததுதான் சட்டம். மிஞ்சிப்போனால் ராத்திரியில் தோட்டத்துப் பக்கம் ஒரு சங்கிலி. அந்த நாயைச் சென்னையில் இருக்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோய் விட வேண்டும், அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காட்டப் போக வேண்டும் என்று வரும்போதுதான் கூண்டு நினைவுக்கு வருகிறது. முந்தின நாள் வாங்கி, மறுநாள் விடியற்காலையில் இரண்டு பேர் பிடித்துத் திணிக்கிறார்கள். அப்படித் திணிக்கப்பட்ட நாய் அடுத்த முறை கூண்டைக் கண்டதுமே கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொள்ளும்.

நாலைந்து வயதான நாயையும் கூண்டுக்குப் பழக்கலாம். மூன்று முதல் ஆறு வாரம் ஒதுக்க வேண்டும். உள்ளே போவதைப் பெரும்பாலான நாய்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். நாள் பிடிப்பது கதவு சாத்துவதற்குத்தான்.

அளவு எடுப்பது

நாயைச் சமதரையில் நேராக நிற்கவைத்து நாலு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். வாலைச் சேர்க்க வேண்டாம். தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை உயரம். இரண்டு தோளுக்கும் நடுவே அகலம். கடைசியாக, தரையிலிருந்து உச்சந்தலை வரை; காது விறைத்து நிற்கும் நாயென்றால் காது நுனி வரை. சுவரோரம் நிறுத்திக் குறிப்பது சுலபம். ஆனால் முட்டைச்சாந்து பூசிய சுவரில் பென்சில் கோடு போட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், தூணோரம் நிறுத்தி நூலால் அளந்துகொள்ளுங்கள்.

விமானத்தில் ஏற்றும் கூண்டுக்கு ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உடல் நீளத்தோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரண்டு மடங்கு கூண்டின் அகலம். தலை உயரத்தோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் கூண்டின் உயரம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூடுதல்.

ஒரு லாப்ரடாருக்கு நீளம் 75 செ.மீ., முழங்கை உயரம் 32, தோள் 24, தலை உயரம் 66 என்று வைத்துக்கொள்வோம். கூண்டு 91 நீளம், 48 அகலம், மூன்று செ.மீ. விரிப்போடு 69 உயரம் வேண்டும். கடையில் 36 இஞ்ச் கம்பிக் கூண்டைக் காட்டி "இதுவே தாராளம்" என்பார்கள். நீளம் சரியாக 91 வரும், உயரமோ 64 செ.மீ.தான் இருக்கும். ஆக 42 இஞ்ச் வாங்க வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் கால் நீளம். எந்த நாய்க்கும் நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்வது வெளி அளவு என்பதையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் கூண்டின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்வதால் உள்ளளவு குறையும். டேப்பை உள்ளே விட்டு அளந்து பாருங்கள்.

காருக்கு மட்டும் என்றால் இவ்வளவு தாராளம் தேவையில்லை. எழுந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். ரொம்பப் பெரிய கூண்டில், பிரேக் போடும்போது நாய் ஒரு முனையிலிருந்து மறுமுனையில் போய் மோதும்.

எந்தக் கூண்டு?

மடக்கும் கம்பிக் கூண்டில் காற்று நன்றாக வரும். நம் ஊர் வெயிலுக்கு வீட்டில் வைக்க அதுதான் நல்லது. ஆனால் மூலைக் கொக்கிகள் லேசானவை. பயந்த நாய் முட்டினால் பிரிந்துவிடும், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். இரண்டு பாதியாகப் பிரிகிற கெட்டி பிளாஸ்டிக் கூண்டுதான் பயணத்துக்குச் சரி. கதவு இரும்பாக இருக்கட்டும். இரண்டு பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்பால் மட்டும் பூட்டுகிற மாடல் வேண்டாம், இரும்பு போல்ட், நட் போடுவதாகப் பாருங்கள். துணிக் கூண்டு, கூண்டில் நிம்மதியாகத் தூங்கிப் பழகிய நாய்க்கு மட்டும். மற்ற நாய்கள் ஜிப்பை அரை மணியில் கிழித்துவிடும்.

கிரில் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்வோரும் உண்டு. அப்படியென்றால் கம்பிகளுக்கு நடுவே இரண்டரை செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். கீழ்த்தாடை மாட்டினால் பல் போகும். வெல்டிங் பொடிப்புகளை உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, உறுத்தும் இடத்தையெல்லாம் அரத்தால் ராவச் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய தேக்குப் பலகையில் ஆசாரியை வைத்து அடித்துவிடலாமே என்ற யோசனை காரைக்குடிப் பக்கம் கட்டாயம் வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் தூக்க நாலு பேர் வேண்டும், மூத்திரம் மரத்தில் ஊறினால் வாடை போகாது.

விரிப்புக்குப் பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துப் போடலாம். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி சதைப்பற்று குறைந்த நாய்க்கு அடியில் கெட்டியாக ஒரு ஜமுக்காளமும் வேண்டும், இல்லையென்றால் முழங்கை உரசிக் காய்ப்பு வரும். கடித்துக் குதறும் நாய்க்கு ஃபோம் மெத்தை போடாதீர்கள். விழுங்கினால் குடலை அடைக்கும்.

கூண்டை எங்கே வைப்பது?

முற்றத்தைச் சுற்றிய வளவில், ஆட்கள் நடமாடுகிற பக்கமாக, முற்றத்து வெயில் விழாத இடத்தில் வையுங்கள். ஆள் இல்லாத அறையில் வைத்தால் கூண்டு தண்டனை ஆகிவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு தொல்லை உண்டு. நாய் முன்காலை உள்ளே வைத்ததும் கூண்டு இரண்டு அங்குலம் வழுக்கி நகரும். நாய் சட்டென்று பின்வாங்கும். அதன் பிறகு அன்று முழுக்க உள்ளே வராது. வீட்டில் இருப்பவர்களோ நாய் கூண்டைக் கண்டு பயப்படுவதாக நினைப்பார்கள். அது பயந்தது கூண்டு நகர்ந்ததற்கு. கூண்டுக்கு அடியில் ரப்பர் மேட்டோ ஈரச் சாக்கோ போட்டால் தீர்ந்தது. கதவுக் கொண்டியின் சத்தமும் வளவில் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும். கொண்டி மோதும் இடத்தில் துணி சுற்றுங்கள். கம்பிக் கூண்டென்றால் அடித் தட்டு கடகடக்காமல் இருக்க அதற்குக் கீழும் ஒரு துணி வேண்டும்.

பழக்கும் முறை

முதல் சில நாட்களுக்குப் பிளாஸ்டிக் கூண்டின் மேல்பாதியைக் கழற்றி வைத்துவிடுங்கள். கீழ்ப்பாதி வெறும் தொட்டி மாதிரி இருக்கும், அதில் ஏறிப் படுக்க எந்த நாயும் யோசிக்காது. கம்பிக் கூண்டென்றால் கதவைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டுங்கள், காற்றில் அடித்துச் சாத்தக்கூடாது. இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கூண்டு வாசலில் வையுங்கள். ஒவ்வொரு வேளையும் தட்டை ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டே போங்கள். பின்னங்கால் இரண்டும் தயங்காமல் உள்ளே போன பிறகு மேல்பாதியைப் பொருத்துங்கள். அன்றைக்குத் தட்டை மறுபடி வாசலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும், அது இயல்புதான்.

இடையில், நாய் தானாக உள்ளே போகும்போதெல்லாம் விரல்நுனி அளவுக்கு வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு போடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக்கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் கூடவே கூடாது. வேகவைத்த எலும்பைக் கூண்டுக்குள் கொடுத்தால், சிலாம்பு தொண்டையில் மாட்டும்போது கை கொடுக்க ஆள் இருக்கமாட்டார்கள்.

இனிக் கதவு. நாய் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாத்தி, கொண்டி போடாமல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடிக்கும் முன்பே திறந்துவிடுங்கள். இதுதான் சூட்சுமம். நாய் வெளியே வர நினைப்பதற்கு முன்னால் கதவு திறந்திருக்க வேண்டும். பிறகு கொண்டி போட்டுப் பத்து நொடி, முப்பது நொடி, இருபது நொடி, ஒரு நிமிடம், நாற்பது நொடி, இரண்டு நிமிடம் என்று ஏற்றி இறக்கிப் போங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் கூடிக்கொண்டே போனால் நாய் அதைக் கண்டுபிடித்துவிடும், நாலாவது தடவை உள்ளே போகாது. பத்து நிமிடம் வரை அருகிலேயே உட்காருங்கள். அதன் பிறகு எழுந்து பட்டாலைக் கூடத்துப் பக்கம் போய்விட்டு உடனே திரும்புங்கள். மெல்ல மெல்ல அரை மணி, ஒரு மணி. காலை நடைக்குப் பிறகு களைத்திருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. தயிர்ச் சோற்றை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃபிரீசரில் உறையவைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே நேரம் போகும்.

நாய் முனகினால் என்ன செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முனகல் இரண்டு வகை. விட்டு விட்டு மெல்ல முனகிக்கொண்டு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, நடுவில் தட்டையும் முகர்ந்து பார்த்தால் அது கேட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். நாலைந்து நொடி அமைதியாகும் வரை பொறுத்து, அந்த அமைதியில் திறங்கள். ஆனால் மின்விசிறிக்கடியில் இருந்தும் இரைப்பு, நூலாக வடியும் எச்சில், வெள்ளை தெரிய உருளும் கண், கம்பியைக் கடிப்பது, நகம் பெயரக் கதவைப் பிராண்டுவது என்று போனால் அது பீதி. அப்போது அமைதிக்காகக் காத்திருந்தால் அமைதி வராது, ரத்தம்தான் வரும். உடனே திறந்து, மறுநாள் மூன்று படி பின்னால் போய்த் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் இப்படியே என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடைபட்டால் பீதியாகும் நாய்கள் உண்டு. அவற்றைப் பின் இருக்கையில் நாய்களுக்கான நெஞ்சுவார்ப்பட்டை போட்டு, சீட் பெல்ட்டோடு பிணைத்துக் கூட்டிப்போவதே நல்லது.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நீங்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்போது ஆச்சி வந்து, "பாவம்ப்பா, வாயில்லா ஜீவன், தொறந்து விடு" என்று கொண்டியைத் தூக்கிவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று நாய் அன்றைக்கே படித்துக்கொள்ளும். ஈரல் போடுகிற வேலையை ஆச்சியிடமே கொடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

காரில்

கூண்டு வாங்கும் முன்பே காரின் பின்கதவுத் திறப்பை அளந்துகொள்ளுங்கள். எர்டிகா, இன்னோவாவில் பின்வரிசையை மடக்கினால் பெரிய கூண்டு போகும். சிறிய காரில் 42 இஞ்ச் கூண்டு உள்ளே நுழைவதே சந்தேகம். செடானின் டிக்கியில் வைப்பது பேச்சுக்கே இடமில்லை. கூண்டை ராட்செட் பட்டையால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத கூண்டு திடீர் பிரேக்கில் முன்சீட்டு வரை பாயும். ஏசிக் காற்று பின்னால் போய்ச் சேர்கிறதா என்று ஒரு சின்னத் தெர்மாமீட்டரைக் கூண்டில் மாட்டிப் பாருங்கள். முன்னால் குளிரும்போது பின்னால் வெந்துகொண்டிருக்கும்.

இங்கேயும் படிப்படியாகத்தான். நிற்கும் காரில் கூண்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு எஞ்சின் ஓடவிட்டு ஐந்து நிமிடம், பிறகு தெருவைச் சுற்றி, பிறகு கானாடுகாத்தான் வரையோ பிள்ளையார்பட்டி வரையோ போய்த் திரும்புவது. எல்லாப் பயணமும் ஊசியில் போய் முடியக்கூடாது. பாதிப் பயணமாவது நடையிலோ விளையாட்டிலோ முடியட்டும்.

புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பு அரை வயிற்றுச் சாப்பாடு, தண்ணீர் மட்டும் அவ்வப்போது கொஞ்சம். காரைக்குடியிலிருந்து சென்னை சுமார் 400 கி.மீ. சித்திரை, வைகாசியில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். கூண்டுக் கதவை முழுக்கத் திறக்கும் முன், இடுக்கு வழியே கைவிட்டுக் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டுங்கள். நெடுஞ்சாலையில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறந்த அந்த ஒரு நொடியில்தான். வண்டி ஓடும்போது கூண்டுக்குள் சங்கிலியோ வாய்ப்பூட்டோ வேண்டாம். சங்கிலி சுருக்காகும், இறுக்கமான வாய்ப்பூட்டு போட்டால் நாயால் இரைத்துச் சூட்டைத் தணிக்க முடியாது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி ஏறும். காபி குடிக்கப் போவதென்றால் ஒருவர் நாயோடு இருக்க வேண்டும்.

ஈறு செக்கச்செவேலென்று ஆகி, எச்சில் பிசுபிசுத்து, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறி, அப்படியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

தூக்க மாத்திரை வேண்டாம். மயங்கிய நாயால் உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள முடியாது. பெரும்பாலான விமான நிறுவனங்கள் மயக்கிய நாயை ஏற்றவும் மாட்டா. வாந்திக்கு மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரயில், விமானம்

ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது அறை முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பர், இரண்டாம், மூன்றாம் ஏசி, சேர் கார் எதிலும் அனுமதி இல்லை. ஆகவே பல்லவன் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். மற்றபடி கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டிதான். அது வெக்கையும் சத்தமுமான இடம், கோடையில் தவிர்த்துவிடுங்கள். பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யத் தடுப்பூசி அட்டையும் மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்றும் வேண்டும்.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் என்றால், உங்கள் டிக்கெட்டை வாங்கும் முன் நாயை ஏற்றுவார்களா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். எல்லாரும் ஏற்றுவதில்லை. கூண்டில் சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் வெளியிலிருந்தே நிரப்புகிற மாதிரி கதவில் மாட்டியிருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு என்றால் ரேபிஸ் தடுப்பூசி, அதற்கான ரத்தப் பரிசோதனை, இறக்குமதி அனுமதி என்று மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அதை முதலில் தொடங்கிவிட்டு, நடுவில் கூண்டுப் பழக்கத்தைப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கூண்டை மடக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள். புது வீட்டில் இரண்டு வாரமாவது கதவு திறந்தபடி கிடக்கட்டும், ஒரு வேளைச் சாப்பாடு அதற்குள்ளேயே நடக்கட்டும். நனைந்திருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகு விரிப்பைப் போடுங்கள். பினாயில் வாடை அடித்தால் நாய் உள்ளே தலை வைக்காது. திரும்பிவர நாள் குறித்ததும் போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பாருங்கள், நம் ஊர்ச் சாலையில் ஒன்றிரண்டு கட்டாயம் தளர்ந்திருக்கும்.